கயிறு எங்க தம்பி?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இருக்கிறாரே, பாயசம் வருவதற்குள் நம் ஜாதகத்தையே வாங்கிவிடுவார். போன மாதம் ஒருவரிடம் அப்படி மாட்டிக்கொண்டேன்.

"தம்பி என்ன பண்றீங்க?"

"பத்திரிகையில எழுதறேன் சார். மீதி நேரத்துல படகு வரையறேன்."

"படகு விடறீங்களா? முட்டுக்காட்டுலயா?"

"விடலை சார், வரையறேன். கடற்கரை, படகு, வலை, காக்கா... இதையெல்லாம் படமா வரைஞ்சு விக்கறேன்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

அவர் அப்பளம் நொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாசம் என்ன வரும்?"

"சில மாசம் வரும். சில மாசம் வராது."

"ஓ... வட்டிக்கு விடற மாதிரி" என்று சமாதானமாகி, ரசத்துக்குக் குழி செய்ய ஆரம்பித்தார்.

கடலோரம் உட்கார்ந்து படம் வரைகிறவன் வாழ்க்கை, காலண்டரில் பார்க்க சுகமாகத்தான் இருக்கும். ஒரு ஸ்டூல், ஒரு தொப்பி, எதிரே அலை, சில்லென்று காற்று. நிஜம் வேறு மாதிரி. நம் சென்னைப் பக்கம் சூரியன் கடலில்தான் எழுந்திருக்கிறது. அதற்கு முன்னால் நான் எழுந்திருக்க வேண்டும். நாலரை மணிக்கு அலாரம். ஸ்கூட்டரில் ஸ்டாண்டு, பலகை, பெயின்ட் பெட்டி, தண்ணீர் பாட்டில். கிளம்பும்போது, "மீன் வாங்கவா போறீங்க?" என்று எதிர்வீட்டு மாமி. தினம் வெறுங்கையோடு திரும்புகிற என்னைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயமோ!

காலை ஆறிலிருந்து ஏழரை வரைதான் வெளிச்சம் நம் பக்கம். அதற்கப்புறம் கடல் எவர்சில்வர் தட்டு மாதிரி பளீரென்று ஆகிவிடும், கண்ணைத் திறக்க முடியாது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் காற்று வந்து ஸ்டாண்டைப் பாய்மரம் ஆக்கும். நாய் வந்து பெயின்ட் தண்ணீரைக் குடித்துப் பார்க்கும். காலை நடைக்கு வந்தவர்கள் பின்னால் நின்று, "அந்த மேகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கலாமே" என்று யோசனை சொல்வார்கள். மணல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மணல் விஷயத்தில் மட்டும் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. வான்கோ 1882-ல் ஹாலந்தில் ஷெவனிங்கன் கடற்கரையில் புயல் காற்றோடு மல்லுக்கட்டி ஒரு படம் வரைந்தார். பறந்து வந்து ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொண்ட மணல் துகள்கள் இன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றன. 2002-ல் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்திலிருந்து அதைத் திருடிக்கொண்டு போனார்கள், 2016-ல் இத்தாலியில் கிடைத்தது. மணலும் இலவச இணைப்பாகத் திரும்பி வந்தது! பிரான்சின் மோனே கதை இன்னும் மோசம். 1885-ல் எத்ரத்தா என்ற இடத்தில் பாறைக்கு அடியில் உட்கார்ந்து, அலை தன் பக்கம் வராது என்று நம்பி வரைந்துகொண்டிருந்தார். அலை வந்தது. மனிதரைப் பாறையில் அடித்து இழுத்துப் போட்டது. கான்வாஸ், ஸ்டாண்டு, பை எல்லாம் கடலோடு போச்சு. அவர் தாடி முழுக்க நீலமும் மஞ்சளும்.

எனக்குத் தாடி கிடையாது. அந்த மட்டில் லாபம்.

* * *

அடுத்த தொல்லை கலர். கடல் என்றால் நீலம் என்று நினைத்து ஆரம்பத்தில் அல்ட்ராமரைன் டியூப் டியூபாக வாங்கினேன். அந்தப் பெயருக்கு 'கடலுக்கு அப்பால்' என்று அர்த்தமாம். கடலின் நிறம் என்பதால் அல்ல. ஆப்கானிஸ்தானிலிருந்து கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு நீலக்கல்லை இடித்துச் செய்த வர்ணம், அதனால் அந்தப் பெயர். ஒரு காலத்தில் தங்கத்தோடு போட்டி போடும் விலை. 1820-களில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அதுவே வேட்டி வெளுக்கிற நீலப் பொடியாகவும் வீட்டுக்கு வந்துவிட்டது. ராஜா வீட்டுச் சரக்கு சலவைக்காரர் வீட்டுக்கு வந்த கதை!

நம் கரையோரத்தில் தண்ணீர் அந்த நீலமும் இல்லை. கிட்டத்தில் டிகாக்ஷன் கம்மியான காபி, கொஞ்சம் தள்ளி பாசிப் பச்சை, அதற்கப்புறம் சாம்பல். நீலம் வேண்டுமானால் நடுக்கடலுக்குப் போக வேண்டும். அல்லது படம் வாங்குகிறவர் கேட்க வேண்டும்.

வாங்குகிறவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் (பெயர் வேண்டாம், இன்னும் ஆர்டர் எதிர்பார்க்கிறேன்). வரவேற்பு ஹாலில் மாட்ட நாலடிக்கு மூன்றடி அக்ரிலிக் படம். பதினெட்டாயிரம் ரூபாய். அட்வான்ஸ் ஆறாயிரம்.

பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கு எழுதினேன். கான்வாஸ், பிரேம் 2,400. பெயின்ட் 1,700. பெட்ரோல் 600. பையன் ஸ்கூல் ஆண்டு விழாவில் மயிலாக ஆடுவதற்கு டிரஸ் 1,300. டோட்டல் டாலி ஆனது. கையில் பூஜ்யம்.

ஹோட்டல்காரர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். "ஒண்ணு, ஃபைபர் போட் வேண்டாம். பிளாஸ்டிக் டப் மாதிரி இருக்கு. கட்டுமரம் போடுங்க, அதுதான் டிரெடிஷனல். ரெண்டு, கடல்ல சூரியன் மறையணும்."

"சார், இங்கே சூரியன் கடல்ல உதிக்கும். மறையறது ரோட்டுப் பக்கம்."

"படத்தில எது உதயம், எது அஸ்தமனம்னு யாருக்கு சார் தெரியப்போகுது?"

வீட்டுக்கு வந்து யோசித்தபோது, மனுஷன் சொன்னதில் தப்பில்லை என்றே பட்டது. மேலே சொன்ன தாடிக்கார மோனே, லெ ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பதை ஒரு படமாக வரைந்தார். 'இம்ப்ரெஷனிஸம்' என்ற பெயரே அந்தப் படத்தின் தலைப்பிலிருந்து வந்ததுதான். அதையும் சிலர் அஸ்தமனம் என்று சொல்லி வந்தார்கள். 2014-ல் ஒரு வானியல் நிபுணர் சூரியனின் இடம், கடல் ஏற்ற இறக்கம், வானிலை எல்லாம் கணக்குப் போட்டு, அது காலைதான், அநேகமாக 1872 நவம்பர் 13, ஏழரை மணி சுமாருக்கு என்று சொன்னார். படம் தீட்டி 142 வருஷம் கழித்து! என் ஹோட்டலுக்கு அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள் என்று சூரியனை விட்டுவிட்டேன்.

கட்டுமரம்தான் மாட்டிவிட்டது.

* * *

கட்டுமரம் வரைய வேண்டும் என்றால் எதிரே கட்டுமரம் இருக்க வேண்டும். நான் வழக்கமாகப் போகிற குப்பத்தில் முப்பது படகுகள் இருந்தால் முப்பதும் ஃபைபர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. வேகம், மோட்டார், அதிக மீன் என்று வசதி. யாரைக் குறை சொல்ல முடியும்? நானும்தான் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கு மாறினேன். ஆக, கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் தேடவில்லை. பழைய காலண்டர் ஒன்றில் தென்னை மரத்தடியில் ஒரு கட்டுமரம் இருந்தது. அதைப் பார்த்து வீட்டிலேயே பெரிய படத்தை முக்கால்வாசி முடித்துவிட்டேன். மேகத்தின் வெளிச்சம் மட்டும் உதைத்தது. அதைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் நீளமாக ஒரு மரக்கட்டை கிடந்தது. உட்கார வாகாக இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு சின்னதாக வாட்டர் கலரில் போட்டுப் பார்த்தேன். ஆகாயம், கடல், சூரியன், கட்டுமரம்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மேகத்தைத் தூக்கச் சொல்கிறவராக்கும் என்று திரும்பினேன். எழுபது வயசு இருக்கும். லுங்கி, தோளில் துண்டு, கையில் டீ டம்ளர்.

"இன்னா தம்பி இது?"

"கட்டுமரம் ஐயா."

டீ ஆறும்வரை பார்த்தார். அப்புறம் கேட்டார்: "கயிறு எங்க தம்பி?"

"எந்தக் கயிறு?"

"கட்டுமரம்னு சொல்றியே, கட்டவே இல்லியே. இது வெறும் மரம்."

இங்கிலீஷ்காரன் நம்மிடமிருந்து கடன் வாங்கிய வார்த்தை அது. 'காட்டமரான்' என்று ஆக்கி ஊர் உலகமெல்லாம் இரட்டைப் படகுக்கு வைத்துவிட்டான். அவனுக்கு 'கட்டு' தெரியாமல் போனால் மன்னிக்கலாம். தமிழில் பத்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு? காலண்டர் படத்தில் வலை போர்த்தியிருந்த இடத்தைத்தான் நான் வழவழவென்று ஒரே பலகையாக வரைந்து வைத்திருந்தேன்.

ஆனாலும் கௌரவம் விடவில்லை. "ஓவியத்துல கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கலாம் ஐயா. டர்னர்னு ஒரு பெரிய ஓவியர்..." என்று ஆரம்பித்தேன். 1805 டிரஃபால்கர் சண்டையில் பேர் வாங்கிய கப்பல் டெமரெர். 1838-ல் அதை உடைப்பதற்காக இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பே பாய்மரங்களையெல்லாம் கழற்றியாகிவிட்டது. மொட்டைக் கப்பல்தான் போனது. ஆனால் டர்னர் 1839-ல் காட்சிக்கு வைத்த படத்தில் பாய்மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். முன்னால் ஒரு குட்டி நீராவிப் படகு இழுத்துப் போகும், பக்கத்தில் சூரியன் மறையும். 2020-ல் வந்த இருபது பவுண்டு நோட்டில்கூட டர்னரையும் அந்தக் கப்பலையும் போட்டிருக்கிறார்கள். 'இல்லாத பாய்மரத்தை வரைந்தவருக்கு ரூபாய் நோட்டில் இடம், கயிறு போடாத எனக்கு டோஸா?' என்கிற தோரணையில் முடித்தேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். டம்ளரில் மிச்சமிருந்த டீயை மணலில் கொட்டினார்.

"அந்த ஆளு, போனத்த திருப்பி வச்சிருக்காரு. நீ இருந்தத்த எடுத்துட்டியே தம்பி."

கலை விமரிசனம் என்று நான் படித்த புத்தகங்களையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ குந்திக்கினு இருக்கிறியே, அது இன்னான்னு தெரியுமா?"

"கட்டை..."

"என் மரம். நாலு மரத்துல ஒண்ணு. சுனாமி வந்தப்போ மூணத்த எடுத்துக்கினு போச்சு. இது மட்டும் கோயிலாண்ட போய் ஒதுங்கிச்சு."

நான் சட்டென்று எழுந்துவிட்டேன். "பரவால்ல, குந்து" என்றார். "சும்மாதான கெடக்குது."

கட்டுமரத்தைக் காலண்டரில் தேடிக்கொண்டிருந்தவன் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன்! எனக்கு வந்த கூச்சத்தில் பிரஷ்ஷைக் கடலில் போட்டிருப்பேன், விலை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

* * *

"குடு அத்த" என்று என் பிரஷ்களை வாங்கினார். நாலு பிரஷ்ஷை வரிசையாகப் படுக்க வைத்தார். நடுவில் இருந்த இரண்டையும் கொஞ்சம் கீழே இறக்கினார். பிரேம் மாட்டுவதற்காக என் பையில் நூல் வைத்திருந்தேன், அதை எடுத்து முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. கை எப்படிப் போகிறது என்று நான் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இதான் அணியம். அலைய முட்ற எடம். ஆணி கெடையாது. ஆணி அடிச்சா அலை அடிக்க சொல்ல பொளந்துக்கும். கயிறுன்னா குடுத்து வாங்கும்."

"ஓட்டை வழியா தண்ணி வராதா?"

"வரும், போவும். உள்ளாற நின்னாத்தான முழுவும்? நிக்கறதுக்கு எடமே இல்லியே!"

பிரித்துப் பார்க்கலாம் என்று முடிச்சை நெம்பினேன். அசையவில்லை. பல்லால் கடித்தும் அசையவில்லை. பெரியவர் ஒரு நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு. நாலு பிரஷ்ஷும் தனித்தனியாக மணலில் உருண்டன.

"கரைக்கு வந்ததும் அவுத்து மரத்த காய வைக்கணும். இல்லாங்காட்டி தண்ணி குடிச்சு கனத்துப் பூடும். மறுநா விடிய சொல்ல திரும்ப கட்டணும். கடல்ல அவுரக் கூடாது, கரையில அவுராம இருக்கக் கூடாது."

தினமும் கட்டி, தினமும் அவிழ்த்து, நாற்பது வருஷம். எனக்கு ஷூ லேஸ் முடிச்சே இரண்டு முறை போட வேண்டும்.

கேட்டுக்கொண்டே இருந்தபோது ஆல்ஃபிரட் வாலிஸ் ஞாபகம் வந்தார். இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் ஊர்க்காரர், 1855-ல் பிறந்தவர். இளம் வயதில் மீன்பிடிப் படகு, அப்புறம் பழைய கயிறு, இரும்பு, பாய்த்துணி வாங்கி விற்கும் கடை. மனைவி போனபின் தனிமை தாங்காமல், எழுபது வயது வாக்கில் படம் போட ஆரம்பித்தார். மளிகைக் கடையில் தூக்கிப் போடும் அட்டை, படகுக்கு அடிக்கிற பெயின்ட். எதிரே படகை வைத்துக்கொண்டு வரையவில்லை, தான் வாலிபத்தில் பார்த்து, பிறகு காணாமல் போன பாய்மரப் படகுகளை ஞாபகத்திலிருந்து வரைந்தார். தூரம், கிட்டம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. எது முக்கியமோ அது பெரிசு. 1928-ல் இரண்டு ஓவியர்கள் அந்தப் பக்கம் நடந்து போனபோது திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்து அசந்து நின்றுவிட்டார்கள். ஆனாலும் 1942-ல் அவர் இறந்தது அநாதைகளும் ஏழைகளும் இருக்கும் விடுதியில்தான். இன்று அந்த மளிகைக்கடை அட்டைகள் லண்டன் டேட் மியூசியத்தில் இருக்கின்றன.

பெரியவரிடம் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரு மீன் புடிக்கிறவரா?"

"ஆமாம் ஐயா. முதல்ல அதுதான்."

"அப்போ கயிறு சரியாத்தான் இருக்கும்."

* * *

வீட்டுக்கு வந்து பெரிய படத்தின் முன் நின்றேன். வியாழக்கிழமை டெலிவரி. ஹோட்டல்காரருக்குப் போன் செய்து, "கட்டுமரத்தைத் திருத்தணும் சார், அஞ்சு நாள் கூட வேணும்" என்றேன்.

"என்ன திருத்தம்?"

"கயிறு விட்டுப்போச்சு."

"கயிறை எவன் சார் பார்க்கப்போறான்? வர்றவங்க சாவி வாங்கிட்டு ரூமுக்குப் போயிடுவாங்க. வியாழக்கிழமை வரலைன்னா ரெண்டாயிரம் பிடிப்பேன்."

இரண்டாயிரம். மயில் டிரஸ்ஸைக் காட்டிலும் எழுநூறு ரூபாய் அதிகம். மனைவியிடம் சொன்னேன், திட்டுவாள் என்ற நம்பிக்கையில். திட்டினால் 'குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாமே! அவள், "தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிக் கொடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுக் குக்கர் விசிலை எண்ணப் போய்விட்டாள். தப்பிக்கிற வழி இதோடு அடைபட்டது.

கயிறை மட்டும் மேலே ஒட்ட வைத்தால் போதும் என்று நினைத்தேன், நடக்கவில்லை. கயிறு வந்தால் மரம் தனித்தனியாக வேண்டும். மரம் தனித்தனி என்றால் நடுவில் இடுக்கு வேண்டும். இடுக்கில் நிழல், நிழலில் ஈரம், ஈரத்தில் சூரிய வெளிச்சம். கடைசியில் கட்டுமரத்தை முழுக்க வெள்ளையடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாலு பிரஷ்ஷையும் நூலால் கட்டி மேஜைமேல் வைத்துக்கொண்டு (என் கட்டு மூன்று தடவை அவிழ்ந்தது) அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். இருந்த பிரஷ்களில் நல்லது நாலும் மாடலாகப் போய்விட்டதால், பையனின் ஸ்கூல் பிரஷ்ஷால்தான் படம் போட்டேன் என்பது ஹோட்டல்காரருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் மாட்டினேன். ஹோட்டல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சன்செட் பிரமாதம்" என்றார். பத்தாயிரத்துக்கு செக் கொடுத்தார். கயிறைப் பார்க்கவே இல்லை. சொன்ன சொல் தவறாத மனிதர்!

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். பெரியவர் அதே கட்டைமேல் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க, ஹோட்டல்ல போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன். "அங்கெல்லாம் நம்மள உள்ள வுடுவானா? போன்ல காட்டு" என்றார்.

காட்டினேன். கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி ஓடிவந்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தாள். "தாத்தா, இன்னா இது?" என்றாள். ஆறு வயசிருக்கும், ஃபைபர் போட் மட்டும் பார்த்து வளர்ந்த பெண்.

"இதா? உன் தாத்தா உன்ன மாரி இருக்க சொல்லோ ஏறுனது" என்று ஆரம்பித்தார். அணியம் எது, கட்டு எது, தாத்தா எங்கே நிற்பார், துடுப்பு எந்தப் பக்கம் என்று போன் கண்ணாடிமேல் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். பாட்டரி பதினெட்டு பர்சன்ட்டுக்கு இறங்கியது, நான் வாயைத் திறக்கவில்லை.

பிடித்துக்கொண்ட இரண்டாயிரத்தைக் கணக்கு நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். நஷ்டம் என்று எழுத மனசில்லை. 'கல்விச் செலவு' என்று எழுதிவிட்டேன். பி.காமுக்கு அப்பா கட்டிய பீஸைவிட இது நியாயமான ரேட்டு.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பாராட்டாவது வரும் என்று நின்றேன். பெரியவர் கடைசியாக ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"முன் கட்டு சரி. பின் கட்டு கொஞ்சம் லூசு தம்பி."